ரூர்க்கி நாற்காலி: வாங்கலாமா, வேண்டாமா?

ரூர்க்கி என்பது கழற்றிக் கட்டித் தூக்கிப் போகக்கூடிய பழைய பட்டாளத்து நாற்காலி. முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். அனுப்பும் செலவோடு சேர்த்து 17,000 ரூபாய். "கித்தான் துணி போட்ட நாற்காலிக்கு இவ்வளவா?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தப் பணத்துக்கு நம் ஊர் ஈசிசேர் மூன்று வாங்கலாம், மிச்சத்தில் ஒரு முக்காலியும் வரும். ஆனால் ஈசிசேரை ஜீப்பின் பின்னால் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது. எனக்கு வேண்டியதோ அதுதான்.

நான் பாலம் கட்டும் ஒப்பந்தக்காரரிடம் சைட் இன்ஜினியர். ஒரு வேலை முடிந்தால் அடுத்த ஆற்றங்கரை. தங்குவது தகரக் கொட்டகை. அங்கே உட்காரக் கிடைப்பதெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி. பகல் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு அதில் உட்கார்ந்தால் முதுகுக்கு வேலை நேரம் நீள்கிறது, அவ்வளவே. அலுமினியக் குழாய் வைத்த மடக்கு நாற்காலிகளும் வாங்கிப் பார்த்தாயிற்று. மூலையில் இருக்கும் பிளாஸ்டிக் மூட்டு ஒன்று ஒடிந்தால் முழு நாற்காலியும் குப்பை. பழுது பார்க்க அதில் எதுவும் இல்லை.

ரூர்க்கி நாற்காலி என்ற பெயர் எனக்குப் புதிதில்லை. தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். அது பட்டாளத்தின் பொறியாளர் படை. பாலம், சாலை, கண்ணிவெடி என்று எல்லாம் அவர்கள் தலையில்தான். கொத்தனார், கொல்லர், தச்சர் என்று தொழில் தெரிந்தவர்களை அங்கே சேர்த்துக்கொண்டார்கள். தாத்தா தச்சர். இரண்டாம் உலகப் போரில் அஸ்ஸாம் வழியாகப் பர்மாவுக்குப் போனார். அங்கே மேஜர் துரையின் ரூர்க்கி நாற்காலியைப் பழுது பார்த்த கதையை எங்கள் வீட்டில் கேட்காதவர்கள் கிடையாது. அதனால்தான் இணையத்தில் இந்த நாற்காலி விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. செய்து விற்பவர்களின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை, ஏனென்று பிறகு தெரியும். வட இந்தியாவில் சிறிதாகப் பட்டறை வைத்திருக்கிறார்கள். இதே வடிவத்தை வேறு சிலரும் செய்கிறார்கள், ஆகவே நாற்காலியைப் பற்றிச் சொல்வது யாரிடம் வாங்கினாலும் உதவும்.

பார்சலைப் பிரித்தால் நாற்காலி தெரியாது. விறகுக் கட்டு மாதிரி ஒரு சுருணைதான் இருக்கும். இரண்டரை அடி நீளம், எடை 5 கிலோவுக்குச் சற்று மேல். நான்கு கால்கள், நான்கு குறுக்குச் சட்டங்கள், முதுகுக்கு இரண்டு சட்டங்கள். இருக்கைக்கும் முதுகுக்கும் கித்தான். கை வைக்க மரம் கிடையாது, பக்கத்துக்கு ஒரு தோல் வார், அதை இரண்டு கால்களின் தலையிலும் மாட்டிவிட வேண்டும். இருக்கைக்கு அடியில் இழுத்துக் கட்டப் பக்கிள் வைத்த வார்கள். மரத்தோடு மரம் சேரும் இடத்தில் ஆணியும் இல்லை, பசையும் இல்லை. முதுகு முன்னும் பின்னும் ஆடுவதற்காகப் பக்கத்துக்கு ஒரு போல்ட் மட்டும் உண்டு.

இந்த நாற்காலியின் உயிரெல்லாம் அந்தப் பசையில்லாத மூட்டில் இருக்கிறது. குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளையும் கூம்பாகக் கடைந்து கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் முனை, வைத்திருக்கிறார்கள். காலில் அதே சரிவோடு துளை. கையால் அழுத்தித் திருகினால் போதும், சுத்தியல் வேண்டாம். இப்படி எல்லாவற்றையும் மாட்டி நிறுத்திவிட்டு, தோளைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தளதளவென்று ஆடும். பணம் போச்சு என்றே தோன்றும். சரி, உட்காருங்கள். உடம்பின் பாரம் கித்தானைக் கீழே அழுத்துகிறது. கித்தான் இரண்டு பக்கச் சட்டங்களையும் உள்ளே இழுக்கிறது. அவற்றோடு கால்கள் உள்பக்கம் நெருங்குகின்றன. நெருங்க நெருங்க, முன்னும் பின்னும் இருக்கிற குறுக்குச் சட்டங்களின் கழுந்துகள் துளைக்குள் இன்னும் இறுகுகின்றன. எடை கூடக் கூடப் பிடிப்பும் கூடும். எழுந்தால் மறுபடி தளர்ந்துவிடும்.

தரை சமமாக இல்லாத இடத்தில் இதன் அருமை தெரியும். பசை போட்டு இறுக்கிய நாற்காலியை ஆற்று மணலிலோ ஜல்லி மேட்டிலோ வைத்தால் மூன்று காலில் நிற்கும், நான்காவது அந்தரத்தில் ஆடும். இதில் மூட்டுகள் சற்றே நெளிவதால் நான்கு கால்களும் அவரவர் பள்ளத்தைத் தேடி உட்கார்ந்துகொள்கின்றன. முதுகும் அப்படித்தான். நிமிர்ந்து உட்கார்ந்தால் அதுவும் நிமிரும், சரிந்தால் கூடவே சரியும். ஈசிசேரில் குச்சியை எடுத்துப் பின் பள்ளத்தில் மாட்டும் வேலை இதில் கிடையாது.

நாற்காலிக்குப் பெயர் கொடுத்த ரூர்க்கி இன்றைய உத்தராகண்டில் இருக்கிறது. 1854-ல் திறந்த கங்கைக் கால்வாய் அந்த ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. அந்த வேலைக்கு ஆள் தயார் செய்யவே 1847-ல் அங்கே பொறியியல் கல்லூரி தொடங்கினார்கள், இப்போது ஐஐடி ரூர்க்கி என்பது அதுதான். 1853-ல் பெங்கால் சாப்பர்ஸும் அங்கே வந்து குடியேறியது. கால்வாய் வெட்டுகிறவர்களும் பட்டாளத்துப் பாலக்காரர்களும் ஒரே ஊரில். கழற்றிக் கட்டிக்கொண்டு, கழுதையோ கோவேறு கழுதையோ சுமக்கிற எடையில், எந்தத் தரையிலும் நிற்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்பதை ஒரு கணக்காக எடுத்துப் போட்டால் விடை இப்படித்தான் வரும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் போனது, முதல் உலகப் போருக்குப் போனது, இரண்டாவதற்கும் போனது. கட்டில், மேசை, குளிக்கும் தொட்டி எல்லாம் ஆபீசர்களின் சொந்தச் சாமான். லண்டனிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடை வைத்திருந்த ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸ் மாதிரியான இடங்களில் வாங்கிக்கொண்டு போவார்கள்.

இதைப் பார்த்து 1933-ல் டென்மார்க்கின் மரச்சாமான் வடிவமைப்பாளர் கோரே கிளிண்ட் தன் சஃபாரி நாற்காலியைச் செய்தார். அதற்கு முன்பே 1928 வாக்கில் லெ கொர்பூசியே, ஷார்லோட் பெரியான், பியர் ஜான்னரே என்ற வடிவமைப்பாளர்கள் மூவரும் வரைந்த இரும்புக் குழாய் நாற்காலியிலும் இதே வார்க் கையும் ஆடும் முதுகும் இருக்கும். அவற்றின் இன்றைய விலையைத் தேடிப் பாருங்கள், என் 17,000 ரூபாய் அழகாகத் தெரியும்.

இப்போது தாத்தாவின் மேஜருக்கு வருகிறேன். இந்த நாற்காலி யாருக்காக, எந்த மாதிரி நாளுக்காகச் செய்யப்பட்டது என்பது அந்த ஆளின் நாளைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

1944 மழைக்காலம். இம்பாலில் ஜப்பானியரைத் திருப்பியடித்த பிரிட்டிஷ் 14-ஆவது சேனை, தாமு, கபா பள்ளத்தாக்கு வழியாகப் பர்மாவின் சிந்வின் ஆற்றை நோக்கி இறங்குகிறது. போகிற வழியில் சாலை என்று ஒன்று கிடையாது, சேறுதான். ஜல்லி கிடைக்காது, கொண்டுவரவும் வண்டி போதாது. சேனையின் தலைமைப் பொறியாளர் மேஜர் ஜெனரல் ஹேஸ்டட். அவருடைய ஆட்கள் செய்த வேலை இன்று கேட்டாலும் எனக்குச் சிரிப்பும் பொறாமையும் வருகிறது. சணல் துணியைத் தாரில் முக்கி, சுருள் சுருளாகக் கொண்டுவந்து, மட்டம் செய்த மண்ணின்மேல் ஓரம் ஏற்றி ஏற்றி விரித்துவிட்டார்கள். மண்ணுக்குள் தண்ணீர் இறங்காவிட்டால் மண் கெட்டியாகவே இருக்கும், இவ்வளவுதான் தத்துவம். பித்தெஸ் என்று பெயர் வைத்தார்கள். 100 மைலுக்கு மேல் அந்தத் துணிச் சாலையில் ராணுவ லாரி ஓடியது. விமான ஓடுபாதைகளுக்கும் இதையே விரித்தார்கள். எங்கள் சைட்டில் அணுகு சாலைக்கு ஜியோடெக்ஸ்டைல் என்ற செயற்கைத் துணியை விரிக்கும்போதெல்லாம் பையன்களிடம் இதைச் சொல்வேன். ஒருவரும் நம்புவதில்லை.

தாத்தாவுக்கு அந்தச் சாலையில் நினைவிருந்தது வாசனை மட்டும். சோற்றிலும் தார், போர்வையிலும் தார் என்பார். காலையிலிருந்து இருட்டும் வரை பள்ளம் தூர்ப்பது, ஓரத்தில் வாய்க்கால் எடுப்பது, பெயர்ந்த துணியை மாற்றுவது. மேஜரும் கூடவே முழங்கால் சேற்றில் நிற்பார். பெரிய சத்தம் போடாத ஆள், வாயில் எப்போதும் அணைந்த பைப் என்று தாத்தா சொல்வார். தமிழில் ஒரே வார்த்தைதான் தெரியும், "தம்பி". மெட்ராஸ் சாப்பர்ஸில் எல்லாரும் எல்லாருக்கும் தம்பிதான், இன்றைக்கும் அந்தப் படையாட்களுக்கு அதுவே செல்லப் பெயர்.

கலேவாவில் டிசம்பரில் சிந்வின் மேல் பெய்லி பாலம் போட்டார்கள். 1,154 அடி நீளம், மிதவைகளின்மேல் நிற்கும் பாலம். அன்றைக்கு உலகிலேயே நீளமான பெய்லி பாலம் அதுதான். பெய்லி பாலத்தின் ஒரு சட்டகம் 10 அடி நீளம், 570 பவுண்டு, அதாவது 260 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆறு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம், கிரேன் வேண்டாம். தூக்கிப் பக்கத்தில் வைத்து இணைப்பு முள் அடித்தால் பாலம் 10 அடி வளர்ந்துவிடும். அதைக் கட்டிய கம்பெனியில் தாத்தா இல்லை, பிறகு அதன்மேல் நடந்து அக்கரை போனவர். ஆற்றோரம் கிடந்த தேக்கு மரங்களை அறுத்து 500-க்கும் மேல் படகு கட்டினார்களே, அந்தப் பட்டறையைத்தான் அவர் வாய் ஓயாமல் சொல்வார். தச்சனுக்குப் பாலம் எதற்கு, படகு போதும் என்பார்.

மாலையில் வேலை நின்றதும் மேஜரின் ஆர்டர்லி கூடாரத்துக்கு முன்னால் நாற்காலியை மாட்டி வைப்பான். கித்தான் தொட்டியில் குளியல். அப்புறம் ஒரு கிளாஸில் ரம், சுத்தி உட்காரும் கொசுக்களோடு ஊருக்குக் கடிதம். மடியில் ஒரு பலகை வைத்து எழுதுவார். மேஜர் எழுதியது எல்லாமே கடிதமாகவும் இருக்காது, பாதி நாள் மறுநாள் வேலைக்கான கணக்காக இருக்கும். இருக்கை தாழ்வாக இருப்பதால் முட்டி உயர்ந்து நிற்கும், பலகை வழுக்காமல் நிற்கும். மேசைமுன் உட்கார்ந்து எழுதினால் அலுவலகம், இதில் சாய்ந்து எழுதினால் பாதி ஓய்வு. என் லேப்டாப்பும் அதே முட்டிமேல்தான் இப்போது உட்கார்கிறது, தினசரி அறிக்கை அனுப்பும் வேலை எனக்கு இதில்தான் நடக்கிறது.

தம்பிகளின் மாலை வேறு. தரையில் கோடு கிழித்து ஆடுபுலி ஆட்டம், ரம் பங்கு வருகிற நாளில் பாட்டு, எழுதப் படிக்கத் தெரிந்தவனைச் சுற்றி உட்கார்ந்து ஊருக்கு ஒரு கடுதாசி. ஓடையில் ஜெலட்டின் போட்டு மீன் பிடிப்பார்களாம், வெடி கையில் இருக்கிற படை வேறு எப்படி மீன் பிடிக்கும்! 1944-ல் லண்டனிலிருந்து வேரா லின் என்ற பாடகியை அந்தப் பக்கத்துப் போர்முனைக்கே கூட்டிவந்து பாட வைத்தார்கள். அதைப் பற்றித் தாத்தாவிடம் கேட்டேன். "யாரு அது?" என்றார்.

நாற்காலி முறிந்த கதை இதுதான். முகாம் மாறும்போது யாரோ நாற்காலிக் கட்டின்மேல் ஜெரிகேனைப் போட, முன் குறுக்குச் சட்டம் கழுந்தோடு முறிந்தது. மேஜருக்கு முகமே செத்துப்போனதாம். ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்றுகூட அப்படி இல்லை என்பார் தாத்தா. கடைசல் இயந்திரம் கிடையாது. தேக்குக் கட்டை மட்டும் எங்கே பார்த்தாலும் கிடந்தது. உளியாலும் அரத்தாலும் கூம்பு எடுத்தார். சரிவு சரியாக வந்ததா என்று எப்படிப் பார்ப்பது? அரிக்கேன் விளக்கின் கண்ணாடியில் படிந்த கரியை விரலால் எடுத்துக் கழுந்தின்மேல் தடவித் துளைக்குள் செருகித் திருகுவது. வெளியே எடுத்தால், எங்கே மேடாக இருக்கிறதோ அங்கே கரி அழிந்து மினுமினுக்கும். அந்த இடத்தை மட்டும் சீவு. மறுபடி கரி, மறுபடி சீவல். கழுந்து முழுக்க ஒரே மாதிரி அழியும்வரை. இருட்டுவதற்குள் முடித்துவிட்டார். முடித்துவிட்டு என்ன செய்தார் என்பதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார். உட்கார்ந்தார். மேஜர் கூடாரத்துக்குள் இருந்தார். பாரம் ஏறினால்தானே மூட்டு பிடிக்கிறதா என்று தெரியும், சோதித்துப் பார்க்காமல் துரையிடம் கொடுக்க முடியுமா? "ரொம்ப நேரம் சோதிச்சேன்" என்பார்.

விற்பவர்களின் பக்கத்தில் சோலா தொப்பி போட்ட துரை ஒருவர் இதில் சாய்ந்திருக்கிற பழைய படம் போட்டிருக்கிறார்கள். கீழே வெள்ளைக்காரர் காலத்துச் சொகுசு, அந்தக் கால அழகு என்று என்னென்னவோ வசனம். மடித்துக் கட்டித் தூக்கியவன் அந்தப் படத்தில் எங்கும் இல்லை. அந்த வசனத்தைத் தூக்கிவிட்டு மூட்டு எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு வரி எழுதியிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும்.

சரி, என் நாற்காலிக்கு வருவோம். நல்லது நிறையச் சொல்லிவிட்டேன், குறைகளையும் கேளுங்கள்.

பட்டறையிலிருந்து வந்ததில் பின் குறுக்குச் சட்டம் ஒன்று சரியாகப் பிடிக்கவில்லை. எவ்வளவு திருகினாலும் ஒரு பக்கம் வெளியே வந்தது. படம் எடுத்து அனுப்பினேன். "உட்கார உட்காரச் சரியாகிவிடும் சார்" என்றார்கள். ஆகாது. கழுந்தின் சரிவும் துளையின் சரிவும் ஒன்றாக இல்லாவிட்டால் உட்கார உட்காரத் துளைதான் பெரிதாகும். இரண்டு மூன்று முறை போனில் பேசிய பிறகு வேறு சட்டம் அனுப்பினார்கள். அதுவும் முக்கால்வாசிதான் பிடித்தது. சைட்டில் அரிக்கேன் விளக்கு ஏது? பூஜைக்கு வைத்திருந்த அகல் விளக்கின்மேல் கரண்டியைக் காட்டிக் கரி எடுத்து, தாத்தா வழியில் நானே சீவிச் சரி செய்தேன். எனக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. 17,000 ரூபாய் கொடுத்தவர் எல்லாரும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெயர் சொல்லாததும் இதனால்தான், மாற்றி அனுப்பிய நல்ல மனசுக்கு ஒரு மரியாதை.

தோல் வார்கள் இளகும். முதல் சில வாரங்களிலேயே இருக்கை தொங்க ஆரம்பித்து, பக்கிளில் கடைசி ஓட்டை வரை போய்விட்டது. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மேலும் இரண்டு ஓட்டை போட்டேன். அதன் பிறகு இளகவில்லை. விற்பவர்கள் முதலிலேயே கூடுதல் ஓட்டை போட்டுத் தரலாம், பத்து பைசா செலவில்லாத வேலை.

மழைக்காலத்தில் இரண்டு தொல்லை. ஒன்று, தோலில் பூஞ்சை. வெள்ளையாகப் பூத்துவிடும். துடைத்து, தேங்காயெண்ணெய் கொஞ்சம் தடவி வைத்தால் அடங்குகிறது. வாசனை உங்களுக்குப் பிடித்தாக வேண்டும். இன்னொன்று, ஈரத்தில் மரம் உப்பிக் கழுந்துகள் துளைக்குள் சிக்கிக்கொள்வது. ஒருமுறை கழற்ற இரண்டு பேர் இழுத்தோம். இப்போது மாட்டுவதற்கு முன் மெழுகுவர்த்தியைக் கழுந்தில் தேய்த்துவிடுகிறேன், ஒற்றைக் கையில் வருகிறது. கித்தானின் சாயமும் நம்பத் தகுந்ததில்லை. பச்சை நிறம் வாங்கியிருக்கிறேன். ஈர வேட்டியோடு உட்கார்ந்தால் வேட்டிக்குப் பின்னால் பட்டாளத்து முத்திரை விழும். முதலில் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

தண்ணீர் டம்ளர் வைக்க இடம் கிடையாது. கை வைக்கும் இடம் தோல் வார், அதில் எதுவும் நிற்காது. மேஜருக்குத் தோட்டாப் பெட்டி, எனக்குக் கான்கிரீட் சோதனைக் கட்டி. 15 சென்டிமீட்டர் கனச்சதுரம் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் டீ கிளாஸுக்குக் கச்சிதமான உயரம். சோதனை முடிந்து உடையாமல் மிஞ்சியதை எடுத்துக்கொள்ளுங்கள், 28-ஆம் நாள் சோதிக்க வைத்திருக்கும் கட்டியைத் தூக்கிவிட்டால் தரக்கட்டுப்பாட்டுக்காரர் சும்மா விடமாட்டார்.

பெரிய குறை உயரம்தான். இருக்கை தரையிலிருந்து ஒரு அடி சொச்சம். உட்காருவது சுகம், எழுவது வேறு கதை. கையை ஊன்றி எழலாம் என்றால் ஊன்றுகிற இடம் தோல் வார், அது கூடவே கீழே போகும். முன்னால் சரிந்து, கால்களை உள்ளே இழுத்து, ஒரே மூச்சில் எழ வேண்டும். அம்மா ஒருமுறை உட்கார்ந்துவிட்டு, "டேய், தூக்கி விடு" என்றார். அதோடு சரி. முட்டி வலி உள்ளவர்கள், வீட்டுப் பெரியவர்களுக்குப் பரிசாக வாங்க நினைப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். அவர்களுக்குக் கட்டைக் கை வைத்த நம் ஈசிசேர்தான் சரி. கையை ஊன்றி எழலாம், அகலக் கையில் பேப்பரும் காப்பியும் வைக்கலாம், காலைத் தூக்கிப் போடலாம். வீட்டில் ஒரே இடத்தில் கிடக்கப் போகிற நாற்காலிக்கு ரூர்க்கி வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வரவேற்பறையில் அழகுக்காக வைத்திருக்கிற படங்களை இணையத்தில் நிறையப் பார்க்கிறேன். கழற்றவே போவதில்லை என்றால் கழற்றும் மூட்டுக்கு எதற்குக் காசு?

அடிக்கடி இடம் மாறுகிறவர்கள், காரில் கூடாரத்தோடு சுற்றுகிறவர்கள், தோட்டம் துரவு வைத்திருப்பவர்கள், என்னைப் போன்ற சைட் ஆட்கள், இவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். என்னுடையது இரண்டு ஆற்றங்கரை பார்த்துவிட்டது. லாரியில் கம்பிக் கட்டுக்கு அடியில் கிடந்து வந்திருக்கிறது. கோடு விழுந்திருக்கிறது, முறியவில்லை. முறிந்தாலும் ஒரு சட்டத்தை மட்டும் எந்த ஊர்த் தச்சரும் செய்து கொடுத்துவிடுவார்.

வாங்குகிறவர்கள் ஆர்டர் போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கால் சட்டத்தில் சேரும் இடத்தில் பசையோ ஸ்க்ரூவோ உண்டா? "உறுதிக்காகப் போட்டிருக்கிறோம்" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். அப்படி இரண்டு மூன்று இடங்களில் விற்கிறார்கள், விலையும் குறைவு. ரூர்க்கி என்று பெயர் போட்டிருப்பார்கள், மேடுபள்ளத்தில் வைத்தால் சாதாரண நாற்காலி போலவே ஆடும், கூடுதலாகச் சில மாதத்தில் மூட்டும் விரியும். மரம் தேக்கா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மாமரத்தில் செய்து தேக்கு நிறம் பூசியதும் சந்தையில் உண்டு, ஈரத்தில் அது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நிறத்தில் காக்கி எடுங்கள். பச்சையின் சாயக் கதையைச் சொல்லிவிட்டேன்.